நிதி திரட்டுவோர் கவனத்துக்கு: கூலி போகிற நாளையும் கணக்கில் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநோயாளிகளின் சிகிச்சைக்காக கிருஷ்ணகிரியில் இளைஞர்கள் கடை கடையாக ஏறி நிதி திரட்டிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். புற்றுநோய்க்கும் இதயத்துக்கும் கொடுக்கிறவர்கள்கூட இந்த நோய் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் என் நன்றி. சேர்ந்த பணத்தில் காப்பகத்துக்குக் கூடுதல் அறை கட்டப்போவதாகப் போட்டிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். 22 வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். ஆரம்பத்தில் நாங்களும் மந்திரித்தோம், தாயத்து கட்டினோம். ஒரு வருடம் அப்படியே வீணாகப் போனது. அப்புறம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொல்லி, அம்மா அவனை பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அது ஓசூர் ரோட்டிலேயே இருப்பதால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழகிய இடம். மாதம் ஒருமுறை, விடிவதற்கு முன்னால் காவேரிப்பட்டணத்தில் பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். மருந்தில் அவன் தேறினான். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சினான், மாட்டைப் பார்த்துக்கொண்டான்.

ஒரு வருடம் மாங்காய் சீசன். அம்மா கூலிக்குப் போகிறவர். வருடத்தில் நாலு காசு கையில் சேர்வதே அந்த இரண்டு மாதம்தான். ஒரு மாதம் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டார். அடுத்த மாதமும் போக முடியவில்லை. "நல்லாத்தானே இருக்கான்" என்று நானும் இருந்துவிட்டேன். மாத்திரையை நிறுத்திய மறுநாளே எதுவும் தெரிந்துவிடாது. சில வாரம் நன்றாகவே இருப்பார்கள், நாமும் ஏமாந்துவிடுவோம். முதலில் அவனுக்குத் தூக்கம் போனது. அப்புறம் சுவரைப் பார்த்துப் பேசினான். ஒருநாள் காலையில் பாய் காலியாகக் கிடந்தது.

11 நாள் தேடினோம். ஆந்திராவில் இருக்கிற குப்பம் ரயில் நிலையத்துக்கு வெளியே, காலெல்லாம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். அங்கே ஒரு டீக்கடைக்காரர் தினமும் பன்னும் டீயும் கொடுத்திருக்கிறார். பழைய நிலைக்கு வர அவனுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அம்மா விட மறுத்தது மொத்தமே இரண்டு நாள் கூலி.

இப்போது மாவட்டத்திலேயே மருந்து கிடைக்கிறது, காசும் வாங்குவதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அரசுச் செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து ஒருவரை அழைத்து வருகிறவருக்கு அன்றைய கூலியை யார் தருவார்கள்? துணைக்கு ஆளில்லாத வயதான தாய்க்கு யார் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள்? அரசுத் திட்டம் எட்டாத இந்த இடத்துக்குத்தான் திரட்டிய பணம் போக வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்து, இந்த மாதம் யார் மாத்திரை வாங்க வரவில்லை என்று பார்த்து வீட்டுக்கே போய் விசாரிக்கச் சொல்லலாம். கூட வருகிறவருக்கு அன்றைய கூலியையும் பஸ் செலவையும் கொடுக்கலாம். மனநோய்க்குக் கொடுக்கிற லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை கட்டாயம், அதற்கு வேறொரு நாள் அலைச்சல். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கட்டடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. போக்கிடம் இல்லாதவர்களுக்குக் காப்பகம் வேண்டும். ஆனால் 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் சங்கிலியோடு எரிந்துபோனார்களே, அவர்களில் பலர் வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாமல் கொண்டுபோய் விடப்பட்டவர்கள். வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பத்துக்குக் கை கொடுத்தால் காப்பகத்துக்கு வருகிறவர்களே குறைவார்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடுகிற நல்லவர்களும் அந்தச் செலவில் பாதியையாவது இதற்குத் திருப்பிவிட்டால் பெரிய உதவி.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். செய்தியோடு, சாப்பாட்டுத் தட்டுடன் உட்கார்ந்திருந்த நோயாளிகளின் முகம் தெரியும்படி படம் போட்டிருந்தீர்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் அப்படிப் போடக் கூடாது என்று அதே மனநலச் சட்டம் சொல்கிறது. குணமாகி ஊருக்குப் போனால் அந்தப் படம் அவர்களுக்கு முன்னால் போய் நிற்கும். பெண் பார்க்கிற இடத்திலும் வேலை கேட்கிற இடத்திலும் நிற்கும். அந்த இடத்தில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி) எண்ணைப் போட்டிருந்தால் எத்தனையோ வீட்டுக்கு உதவியிருக்கும். அது இலவசம், ராத்திரியானாலும் தமிழில் பேசலாம்.

இந்தக் கடிதத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். குப்பத்து டீக்கடைக்காரரைப் பற்றிக் கட்டாயம் எழுதச் சொன்னான். தன் பேர் மட்டும் வேண்டாம் என்றான். அதனால் என் பெயரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.