நட்சத்திரம் பாக்க மலையேறணுமா? ஓட்டல் தோட்டத்து லைட்ட அணைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, நட்சத்திரம் பாக்கணும்னா ஜவ்வாது மலை காவலூருக்கோ கொல்லிமலைக்கோ போங்கன்னு போட்டிருந்தீங்க. காவலூர்ல 1986லேர்ந்து பெரிய டெலஸ்கோப் இருக்கு, கண்ணாடி மட்டுமே 2.3 மீட்டர் அகலம், அத நான் குறை சொல்ல முடியுமா. ஆனா நான் பதினாலு வருஷமா மாமல்லபுரத்துல ஒரு பீச் ஓட்டல்ல நைட் ட்யூட்டி செக்யூரிட்டி, ராத்திரி எட்டுலேர்ந்து காலைல எட்டு வரைக்கும் தோட்டத்து ஓரமா பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருக்கேன், வானத்த பாக்குறதுக்கு சம்பளம் குடுக்குற ஒரே கம்பெனி உங்க கம்பெனிதான்னு வீட்டுல கிண்டல் பண்ணுவாங்க. அந்த உரிமைல எழுதுறேன்.

நம்ம கெழக்குக் கரைல ஒரு சவுகரியம், எல்லாமே கடல்லேர்ந்துதான் எந்திரிச்சு வரும். மார்கழி பொறக்குற சமயம் நான் யூனிஃபார்ம் மாத்திக்கிட்டு வெளிய வர்றதுக்குள்ள திருவாதிரை செகப்பா மேல ஏறி நிக்கும், அதுக்குக் கீழ சிரியஸ், அப்புறம் எட்டு, எட்டரைக்கு தென்கெழக்கு மூலைல தண்ணிய ஒட்டி ஒண்ணு நடுங்கிக்கிட்டே மேல வரும் பாருங்க, அதான் அகத்திய நட்சத்திரம். சிரியஸுக்கு அடுத்தபடியா வானத்துலயே பிரகாசமானது அதுதானாம், இங்கிலாந்துலேர்ந்து வந்த ஒரு கெஸ்ட் சொன்னாரு, அவங்க ஊர்ல அது தெரியவே தெரியாதாம், அத பாக்குறதுக்குன்னே ராத்திரி கம்பளி போத்திக்கிட்டு என் பக்கத்துல உக்காந்திருந்தாரு. டார்ச் மேல செகப்பு கண்ணாடிப் பேப்பர் சுத்தி ரப்பர் பேண்ட் போட சொல்லிக் குடுத்ததும் அவர்தான், வெள்ள வெளிச்சம் கண்ணுல பட்டா திரும்ப இருட்டு பழக இருபது நிமிஷமாவது ஆகும், செகப்புன்னா அவ்ளோ பாதிக்காது. அகத்தியர் எட்டு மணிக்கு ட்யூட்டிக்கு வந்து காலைல அஞ்சரைக்கு சவுக்குத் தோப்பு பக்கம் எறங்கி கெளம்பிடுவாரு, எனக்குத்தான் எட்டு மணி வரைக்கும் வேல.

கார்த்திகைல பெருசா ஒண்ணும் கெடைக்காது, மழை. தீபத்தன்னிக்கு மேகம் விலகினாலும் பௌர்ணமி நிலா அந்த ஆறாமீன் கூட்டத்துகிட்டதான், அதாவது கார்த்திகை நட்சத்திரத்துகிட்டதான் நிக்கும், அதனாலதான் மாசத்துக்கே அந்தப் பேரு, ஆனா நிலா வெளிச்சத்துல மீன் கூட்டம் கண்ணுக்குத் தெரியாது. அமாவாசை பக்கமா வானம் கழுவி விட்ட மாதிரி ஒரு ராத்திரி வரும், அன்னிக்கு எண்ணிப் பாருங்க, எனக்கு ஆறு, கண்ணாடி போடாத வயசுல ஏழு.

மே மாசம் லீவுக்கு வர்ற பசங்களுக்கு நான் காட்டுறது சிலுவை. தென்சிலுவைன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். மே நடுவுல ராத்திரி ஒம்போது மணிக்கு நேர் தெக்க பாத்து கைய நீட்டி முஷ்டிய மடக்கி அடிவானத்து மேல வெச்சா, ஒண்ணரை முஷ்டி உயரத்துல அதோட அடிக்கால் இருக்கும், எடது பக்கம் ரெண்டு நட்சத்திரம் அதுக்கு வழிகாட்டி. இதே முஷ்டிக் கணக்குல துருவ நட்சத்திரம் வடக்க ஒண்ணேகால் முஷ்டில இருக்கணும், ஆனா அங்க சென்னையோட வெளிச்சம் ஆரஞ்சா ஏறி நிக்குது, அத விட்ருங்க. ஆடில மேகம் வழிவிட்டா தேளு, அதான் விருச்சிக நட்சத்திரக் கூட்டம், கொக்கி மாதிரி வால், நெஞ்சுல கேட்டை நட்சத்திரம் செகப்பா.

2012ல கரண்ட் கட் நேரம் ஞாபகம் இருக்கா? ஊரே திட்டிக்கிட்டு இருந்துச்சு, எங்க ஓட்டல்ல ஜெனரேட்டர் டீசல மிச்சம் புடிக்க தோட்டத்து லைட்டு மொத்தத்தையும் அணைச்சிடுவாங்க, அந்த ஆடிலதான் தேளு வால்லேர்ந்து பால்வீதி பொகை மாதிரி கெளம்பி மேல போறத நான் மொத தடவ பாத்தேன். 2016ல வர்தா புயலப்பவும் கரண்ட் இல்ல, ஆனா அது பௌர்ணமி சமயம், நம்ம அதிர்ஷ்டம் அப்படி.

விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி செல்ஃபி எடுக்க வெளிச்சம் பத்தலன்னு தோட்டத்துல எல்இடி ஃப்ளட் லைட்டு பன்னெண்டு மாட்டினாங்க, நாலு நேரா கடல பாத்து. இப்ப தேளும் இல்ல, அகத்தியர் ஒம்போதரைக்கு மேலதான் கண்ணுக்கு மாட்டுறாரு. இதுல வேடிக்க என்னன்னா அதே தோட்டத்துல 'அண்டர் த ஸ்டார்ஸ் டின்னர்'னு தனி ரேட்டு. ஒரு பொண்ணு என்கிட்ட வந்து "அண்ணா, ஸ்டார்ஸ் எந்தப் பக்கம்?"னு கேட்டுச்சு, நான் என்ன சொல்ல, லைட்ட காட்டினேன்.

போன பங்குனில விடியக்கால மூணு மணி இருக்கும், புல்தரைல என்னமோ நகருதேன்னு போய்ப் பாத்தா ஆமைக் குஞ்சு. பங்குனி ஆமைன்னு எங்கப்பா சொல்ற அதே ஆமை. முட்டைலேர்ந்து வெளிய வந்த குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும், சாதாரணமா ராத்திரில கடல் பக்கம்தான் வெளிச்சமா இருக்கும், இங்க ஃப்ளட் லைட்டு. பதினேழு இருந்துச்சு, ரெண்டு நீச்சல் குளத்து ஓரம் வரைக்கும் போயிடுச்சு. பக்கெட்ல ஈர மணல் போட்டு அள்ளிட்டுப் போய் லைட்ட அணைச்சிட்டு அலைகிட்ட விட்டேன், லைட்ட ஏன் அணைச்சேன்னு மறுநாள் மெமோ குடுத்தாங்க.

பாதுகாப்புக்கு லைட்டு வேணாமான்னு கேப்பாங்க. ஐயா, செக்யூரிட்டியே சொல்றேன், கண்ணுல அடிக்கிற லைட்டுக்குப் பின்னாடி எவன் நிக்கிறான்னு எனக்குத் தெரியாது. நடபாதைக்கும் குளத்துக்கும் லைட்டு இருக்கட்டும், அதுக்குத் தலைல ஒரு மூடி போட்டு தரைய பாத்து திருப்புங்க, வெள்ளைக்குப் பதிலா மஞ்சள் பல்பு மாட்டுங்க, கடல பாத்த லைட்ட பத்து மணிக்கு மேல அணைங்க. ஈசிஆர்ல இருக்குற எல்லா ஓட்டலுக்கும் சேத்துத்தான் சொல்றேன். கலங்கரை விளக்கம் சுத்திட்டுப் போகட்டும், அது அதோட வேலைய பாக்குது.

நீங்க இத போட்டா எங்க மேனேஜர் கண்டிப்பா படிப்பாரு, காலைல ரிசப்ஷன்ல உங்க பேப்பர்தான் வாங்குறாங்க. தோட்டத்து சுவிட்ச் போர்டு சாவி என் இடுப்புலதான் தொங்குது, ஒரு வார்த்த சொன்னா போதும்.

இப்படிக்கு,
ஒரு நைட் ட்யூட்டி செக்யூரிட்டி,
மாமல்லபுரம்.
(மெமோவ நெனச்சுத்தான் பேரு போடல)