இரட்டையர் ஆட்டம் சொல்லித்தர ஆள் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

டென்மார்க்கின் பட்மின்டன் இரட்டையர் வீரர் மத்தியாஸ் போ பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை, ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக் வெள்ளி, பெரிய பட்மின்டன் போட்டியான ஓல் இங்கிலண்டில் இரண்டு பட்டம் என்று அவர் வென்றதைச் சொல்வதோடு முடித்துவிட்டீர்கள். வன்னியில் பிள்ளைகளைப் பட்மின்டனுக்கு அனுப்புகிற எங்களுக்கு மிச்சக் கதைதான் முக்கியம்.

அவருடைய சோடி கார்ஸ்டன் மொகென்சனுக்கு 2014 தொடக்கத்தில் மூளையில் இரத்தக்கசிவு. அந்த மனுசன் குணமாகி வந்து, இருவருமாக 2015இல் அந்த இரண்டாவது ஓல் இங்கிலண்ட் பட்டத்தை வென்றார்கள். 2020இல் போ ஓய்வு பெற்றார், அடுத்த வருடமே இந்தியாவின் சாத்விக் – சிராக் சோடிக்குப் பயிற்சி கொடுக்க வந்துவிட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தப் பொடியன்கள் முதல் சுற்றின் மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றும் காலிறுதிக்குப் போக முடியவில்லை, அதிலும் அவர்களிடம் தோற்ற தாய்வான் சோடிதான் கடைசியில் தங்கம் எடுத்தது. ஆனாலும் 2023இல் ஆசிய விளையாட்டில் தங்கம், உலகத் தரவரிசையில் முதலிடம். இரட்டையர் ஆடியே வளர்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கே ஒரு கோர்ட், அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பிள்ளைகள். அதனால் நாள் முழுக்க இரட்டையர்தான் ஆடுகிறார்கள், ஆனால் பழக்குவது முழுக்க ஒற்றையர் ஆட்டம். வலய மட்டப் போட்டியொன்றில் என் மகளும் அவள் சோடியும் ஒவ்வொரு சேர்விசையும் உயர்த்திப் பின்னுக்கே போட்டார்கள். இரட்டையரில் சேர்விஸ் எல்லைக்கோடு பின்கோட்டுக்கு 76 சென்ரிமீற்றர் முன்னாலேயே முடிந்துவிடும், உயர்த்திப் போட்டால் எதிரிக்கு அடிக்கத் தூக்கிக் கொடுத்த மாதிரி. நடுவில் விழுந்த ஷட்டிலை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே இருந்து “ஓடு, ஓடு” என்று சத்தம். யார் ஓடுவது? தாக்கி அடிக்கும்போது ஒருவர் முன்னுக்கு ஒருவர் பின்னுக்கு, ஷட்டிலைத் தூக்கிவிட்டால் உடனே பக்கம் பக்கமாகப் பிரிய வேண்டும். இதைச் சொல்லித்தர யாரும் இல்லை என்றால் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்?

உள்ளரங்கு இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். எங்களுக்கும் உள்ளரங்கு வேண்டும்தான், ஆனால் அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. பின்னேரம் சோளகம் வீசும்போது உயர்த்தி அடிக்கிற அடி எல்லாம் திசை மாறிப் போகும், சரி. விடியக்காலையில், காற்று எழும்ப முன்பு, வலைக்கு மேலால் ஒட்டிப் போகிற குட்டைச் சேர்விசையும் மாறி நிற்பதையும் திறந்த வெளியிலேயே பழக்கலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் ஒரு காலத்தில் கழகங்களுக்காக இரட்டையர் ஆடியவர்கள் இப்போது வயல், கடை, அலுவலகம் என்று இருக்கிறார்கள். சிலர் வெளிநாட்டிலிருந்து ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து பிள்ளைகளுக்கு றக்கெட் வாங்கித் தந்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு நன்றி, ஆனால் றக்கெட்டோடு ஒரு கிழமை கோர்ட்டிலும் நில்லுங்கள். இங்கேயே இருப்பவர்கள் சனி, ஞாயிறு காலையில் ஒரு மணித்தியாலம் வந்தாலே பெரிய காரியம்.

உங்கள் பத்திரிகையில் இதற்கு ஓர் அழைப்புப் போடுங்கள். வருகிறவர்களுக்குப் பெற்றோல் காசு கொடுக்கப் பெற்றோர் நாங்கள் ஆயத்தம்.

வாசகி,
பரந்தன்