அம்மா கேட்ட கேள்விக்கு ட்ரோம்சோவிலிருந்து பதில்

ட்ரோம்சோ, நோர்வே
ஏப்ரல் 28

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

இங்கு நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா இருமலோடு பீலித் தண்ணீரில் குளிக்கப் போவதாகத் தம்பி சொன்னான். மழை விடும் வரைக்குமாவது வெந்நீரில் குளியுங்கள் அப்பா.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா கேட்டீர்கள்: "அப்படி என்னதான் புள்ள அந்தக் கடல்ல பாக்குற? மீனும் புடிக்கல, உப்பும் எடுக்கல." நான் வாயைத் திறக்கும்போதே லைன் போய்விட்டது. அப்புறம் யோசித்தேன், இது போனில் இரண்டு வார்த்தையில் சொல்லுகிற விஷயமும் இல்லை. அதனால்தான் கடிதம். தம்பி நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டட்டும்.

முதலில் இடத்தைச் சொல்லுகிறேன். நீர்கொழும்பில் நாம் பார்த்தோமே, அது மாதிரி இங்கே கடல் கண்ணுக்கெட்டாத தூரம் விரிந்து கிடக்காது. மலைகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து உள்ளே வந்து நிற்கும். பியோர்ட் என்பார்கள். வந்த அன்று பஸ் ஜன்னலால் பார்த்தபோது நம் மவுசாகலை நீர்த்தேக்கம்தான் என்று எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அதே மாதிரி சுற்றிவர மலை, நடுவில் அசையாத தண்ணீர், பாதி மலையை மறைத்த மூட்டம். தேயிலை இருக்க வேண்டிய இடத்தில் பனி. நம் ஊர்ப் பனி இல்லை, அள்ளினால் கையில் நிற்கிற பனி. தண்ணீர் இப்போது மூன்று நான்கு பாகைதான். மார்கழியில் நம் பீலித் தண்ணீர் கையைக் கடிக்குமே, இதற்குப் பக்கத்தில் அது வெந்நீர்.

இவ்வளவு குளிரில் என்ன உயிர் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கரையில் நின்று பார்த்தால் வெறும் தண்ணீர். ஆனால் அதில்தான் அம்மா, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் வாழ்கிறது. பிளாந்தன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மிதவை உயிர்கள். நீரோட்டத்தை எதிர்த்துப் போகப் பலம் இல்லாமல், தண்ணீர் போகிற பக்கமே போகிறவை. அலைந்து திரிவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்து 1887இல் விக்டர் ஹென்சன் என்ற ஜெர்மன்காரர் வைத்த பெயர் அது. அவற்றில் எது எது எத்தனை இருக்கிறது என்று பார்த்து எண்ணுவதுதான் என் வேலை.

வாரத்தில் ஒரு நாள் சின்னப் படகில் போவோம். குறித்த இடத்தில், குறித்த ஆழத்தில் தண்ணீர் எடுப்போம். எடுத்த உடனே அதில் அயோடின் கலந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், உள்ளே இருப்பவை கெட்டுப்போகாமல் அந்த வடிவத்திலேயே நிற்பதற்காக. எவ்வளவு விடுவது? சொல்லிக்கொடுத்தவர் அளவு சொல்லவில்லை. "லேசான தேத்தண்ணி நிறம் வரும் வரை" என்றார். குறிப்புப் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. என்னோடு சேர்ந்த மற்ற இரண்டு பேரும் போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடையது கறுத்தே போய்விட்டது. நான் ஒரே தடவையில் நிறுத்தினேன். அம்மா விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் முன், முதல் சாயம் எடுத்த தூளிலேயே மறுபடி தண்ணீர் ஊற்றித் தம்பிக்குக் கொடுப்பீர்களே, அந்த நிறம். நீங்கள் அந்தப் படகில் இருந்திருந்தால் உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அந்தத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வைத்தால் எல்லாம் அடியில் படியும். மறுநாள் கிண்ணத்துக்கு அடியிலிருந்து பார்க்கிற நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை கண்ணை வைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

டயட்டம் என்று ஒரு இனம். ஒரே ஒரு உயிரணுதான் ஒரு ஆள். ஒரு மில்லிமீட்டருக்குள் ஐம்பது ஆட்களை வரிசையாக நிறுத்தலாம். ஆனால் அந்த ஆளுக்கு வீடு கண்ணாடியில். நிஜமாகவே கண்ணாடிச் சரக்கு அம்மா. கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தானே கட்டிக்கொள்கிறது. டப்பாவும் மூடியும் மாதிரி இரண்டு பாதி. பெருகும்போது இரண்டும் பிரியும், ஒவ்வொன்றும் தனக்குள்ளே பொருந்துகிற மாதிரி ஒரு சின்னப் பாதியைச் செய்துகொள்ளும். அதனால் தலைமுறை போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். ரொம்பச் சிறுத்த பிறகு ஓட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பெரிய ஆளாக எழும்பும். கவ்வாத்து வெட்டிய தூரில் தளிர் எழும்புகிற மாதிரிதான் எனக்குப் பட்டது.

அதிலும் எத்தனை உருவம்! கீட்டோசெரஸ் என்பது சங்கிலி சங்கிலியாக இருக்கும், ஒவ்வொரு கண்ணியின் மூலையிலிருந்தும் நீள நீளமாக மயிர் புறப்படும். தலாசியோசைரா வட்டப் பெட்டிகள், நடுவில் மெல்லிய நூல் ஒன்றால் கோத்த மாதிரி தொங்கும். பிராகிலாரியோப்சிஸ் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நாடா மாதிரி நீளும். பயோசிஸ்டிஸ் டயட்டம் இல்லை, வேறு சாதி. வழுவழுப்பான உருண்டை ஒன்றுக்குள் கூட்டுக் குடித்தனம் நடத்தும், நம் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பரா இருக்கிற மாதிரி. அது பெருகினால் வலையெல்லாம் சளி பிடித்துப் போகும்.

இப்போது அவற்றின் காலம். சித்திரை மழைக்குப் பிறகு மலையில் கொழுந்து பொங்கி, எடுத்து முடிக்க ஆள் காணாமல் நிற்பீர்களே, அது மாதிரி இங்கேயும் ஏப்ரலில் கடல் பொங்குகிறது. வலையைத் தூக்கினால் அடியில் உள்ள குப்பியில் பழுப்பும் பச்சையுமாகக் குழம்பு மாதிரி நிற்கிறது. ஒரு லீட்டரில் பத்து லட்சத்தைத் தாண்டி எண்ணுகிற நாளும் உண்டு.

குளிர்ந்த கடலில் ஏன் இவ்வளவு? அம்மாவுக்கு இது உடனே புரியும். 2021இல் உரம் வராமல் போனதே. தூர் நின்றது, மழை பெய்தது, வெயிலும் அடித்தது, ஆனால் கொழுந்து வரவில்லை. கிலோ காணாமல் எத்தனை நாள் அரைப் பேரோடு, பாதிச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்தீர்கள். கடலிலும் அதே கணக்குத்தான். வெப்பமான கடலில் மேல்தண்ணீர் சூடாகி, இலேசாகி, மூடி போட்ட மாதிரி மேலேயே நிற்கும். நைத்திரேற்று, சிலிக்கேற்று என்ற உரமெல்லாம் அடியில் தங்கிவிடும். இங்கே குளிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்குகிறது, புயல் காற்றும் சேர்ந்து கலக்குகிறது, அடியில் கிடந்த உரம் மேலே வருகிறது. அந்த நேரத்தில் வெளிச்சம் இல்லை. சூரியன் திரும்பி வந்து பகல் நீண்டதும் அத்தனையும் ஒரே மூச்சில் முளைக்கிறது. மே மாதத்துக்குள் உரத்தைத் தின்று தீர்த்துவிடும். கீட்டோசெரசில் சில வகைகள் அப்போது தடித்த ஓடு கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கி உறங்கிவிடும், அடுத்த வெளிச்சம் வரும் வரை.

கூட்டம் பெரிது என்பதால் வகையும் இங்கேதான் அதிகம் என்று நானும் முதலில் நினைத்தேன். இல்லை. தாரா என்ற பாய்மரக் கப்பல் 2009 முதல் 2013 வரை உலகக் கடல்களில் ஓடி மாதிரி எடுத்தது. பூமத்திய ரேகைப் பக்கம்தான் வகை அதிகம், துருவம் நோக்கிப் போகப் போகக் குறைகிறது என்று அதில் தெரிந்தது. நம் காலி, மாத்தறைக் கடலில் இதைவிடப் பல ஜாதி இருக்கும். அப்படிக் குறைந்தும், ஆர்க்டிக் கடல்களில் மிதக்கும் ஒற்றை உயிரணுப் பாசிகள் மட்டும் 1,800 வகைக்கு மேல் கணக்கில் இருக்கின்றன. நான் ஒன்றரை வருடத்தில் பார்த்தவுடனே சொல்லப் பழகியது எண்பதுக்குள்தான்.

இந்தப் பாசிகளைத் தின்று வாழ்வது கலானஸ். இறால் சாதி, ஆனால் அரிசி மணியில் பாதி நீளம். உடம்பு கண்ணாடி மாதிரி, இரண்டு பக்கமும் நீண்ட மீசை. உள்ளே நீளமாக ஒரு எண்ணெய்ப் பை பளபளக்கும். உயிரோடு அதைப் பார்ப்பது எனக்கு அலுக்கவே இல்லை. கோடையில் தின்று எண்ணெய் சேர்த்துக்கொண்டு, குளிர் காலத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, தின்னாமல் குடிக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும். இலங்கையில் தேயிலைத் தோட்டம் தொடங்குவதற்கு ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன், 1770இல், குன்னெருஸ் என்ற இந்த நாட்டு ஆயர் ஒருவர் இதைப் பார்த்து எழுதி, பின்மார்க் என்ற வடக்கு மாவட்டத்தின் பெயரை இதற்கு வைத்தார். யாழ்ப்பாணத்து ஆட்கள் பலர் மீன் வெட்டும் வேலைக்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பின்மார்க்குக்குத்தான். லொபோடன் தீவுகள் பக்கம் முட்டையிடும் காட் மீனின் குஞ்சுகள் முதல் வாரங்களில் உயிர் பிழைப்பதே கலானஸின் குஞ்சுகளைத் தின்றுதான். அரை அரிசி நீளமான இந்தக் கலானஸ் இல்லாவிட்டால் இங்கே மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் இந்த ஊர்களே இல்லை.

சூரியன் வராத மாதங்களைப் பற்றி அம்மா கவலைப்பட்டீர்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் மலைக்கு மேலே எழும்பவே எழும்பாது. முதல் வருடம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் டிசம்பரில் ஒரு நாள் படகில் கயிற்றை இழுத்தபோது, தண்ணீருக்குள் கயிற்றின் நீளத்துக்கு நீலப் பொறி பறந்தது. இந்தச் சின்ன உயிர்களில் சிலவற்றுக்குத் தொட்டால் ஒளிவிடும் குணம் உண்டு. கயிறு அசைய அசைய ஒன்றன் கீழ் ஒன்றாக விளக்கு. அதே மாதம்தான் சிவனொளிபாத மலையில் யாத்திரை சீசன் தொடங்கும், நம் வீட்டு வாசல் இஸ்தோப்பில் நின்றால் மலையடி நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை விளக்கு வரிசை தெரியும். கயிறு கையில் இருக்க அப்படியே நின்றுவிட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூரியனே இல்லாத அந்த நாட்களில் இவை நிலாவைப் பார்த்து மேலும் கீழுமாகப் போகின்றன. பௌர்ணமியில், நம் ஊரில் போயா என்று லீவு விடுகிற நாளில், நிலா வெளிச்சத்தில் எதிரி கண்ணில் படாமல் ஐம்பது மீட்டர் ஆழம் வரை இறங்கிவிடும். இதை ஆர்க்டிக்கில் வெவ்வேறு இடங்களில் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் மனதைப் போட்டு அரிக்கிறது. கடல் சூடேறுகிறது. தெற்கே உள்ள கலானஸ் வடக்கே ஏறி வருகிறது. வடக்கிலேயே இருந்த வகை அதைவிடப் பெரியது, எண்ணெய் அதிகம். அதைத் தின்று பழகிய கடற்பறவைகளுக்கு இந்தச் சின்னதில் எத்தனை எடுத்தாலும் வயிறு நிறையாது. கொழுந்து இருக்கும், எடை இருக்காது என்று நீங்கள் சொல்லுவீர்களே, அதுதான். அதனால்தான் வாராவாரம் விடாமல் எண்ணுகிறோம். இந்த வருடம் எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்று எண்ணினால்தானே தெரியும்.

கூடையில் கை போகிற வேகத்திலேயே முத்தின இலையை விரலால் ஒதுக்கிவிடுவீர்கள், பார்த்ததாகக்கூடத் தெரியாது. சின்ன வயதில் உங்கள் பக்கத்தில் நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். என் மேசையில் ஒரு மாதிரியை எண்ண உட்காரும்போது அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது.

இதோடு நான்கு படம் வைத்திருக்கிறேன், நுண்ணோக்கியில் எடுத்தவை. இரண்டாம் படத்தில் வட்டமாக ஏழு இருக்கும். ஏழும் ஒரே வகை என்று இங்கே இரண்டு பேர் சொல்லுகிறார்கள். அதில் வேறு வகையும் கலந்திருக்கிறது என்று நான் சொல்லுகிறேன். அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலை வெளிச்சத்தில் இஸ்தோப்பில் வைத்துப் பாருங்கள். எது வேறு என்று உங்கள் கண்ணுக்குப் படுகிறதோ அதன் மேல் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். தம்பியை அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் எதைச் சொன்னேன் என்று அதற்குப் பிறகு சொல்லுகிறேன்.

தேயிலைத் தூள் முடியப் போகிறது. ஸ்டோரில் கிடைத்தால் ஒரு கிலோ எடுத்து வையுங்கள் அப்பா. டிசம்பரில் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்