மாலதிக்கு, சும்மா பேசுவது பற்றி

திருப்பூர்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் நடுவில் விட்டுவிட வேண்டாம் என்று சொல். என் அத்தை வலிக்கிறது என்று விட்டுவிட்டு, இப்போது கால் முழுதாக மடங்காமல் அவதிப்படுகிறார். இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் பிளஸ் டூ. அதனால் வீட்டில் டிவி ஓடி ரொம்ப நாளாகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் லேபில் இருந்த உன்னைப் பர்ச்சேஸுக்கு மாற்றியிருக்கிறார்கள். சப்ளையர்களைப் பார்க்க அம்பத்தூருக்கும் திருமுடிவாக்கத்துக்கும் போனால் முதலில் டீ வருகிறது, கால் மணி நேரம் ஊர்க்கதை ஓடுகிறது, அப்புறம்தான் டிராயிங்கைப் பிரிக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். 'வேலையை ஒழுங்காகச் செய்கிறவளுக்கு இந்த வெட்டிப்பேச்சு எதற்கு?' என்று கேட்டிருக்கிறாய். நீ ஹாஸ்டலிலும் அப்படித்தான். பரீட்சைக்கு முந்தின நாள் யாராவது கதை பேச வந்தால் கதவைச் சாத்திவிடுவாய்.

மெர்ச்சண்டைசிங்கில், அதாவது துணி வாங்கும் பையருக்கும் இங்கே பட்டறைகளுக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக்கொடுக்கும் வேலையில், இத்தனை காலம் இருந்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த பதில் ஒன்றுதான். கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு. நல்ல செய்தியை யாரும் தாமதிக்க மாட்டார்கள். சரக்கு ரெடி என்றால் உடனே போன் வந்துவிடும். ஒரு தப்பு நடந்திருக்கிறது என்பதை, கேட்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று ஓரளவுக்காவது தெரிந்த இடத்தில்தான் மனிதர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். தெரியாத இடத்தில் மூடி மறைத்து, கடைசி நாள் வரை தள்ளிப்போடுவார்கள். உன் தொழிலிலும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், லேப்காரியான உனக்கு இது நன்றாகவே புரியும். நேவி புளூவில் ஒரு ஆர்டர். பையரின் கடையில் டிஎல்84 என்ற டியூப்லைட் வெளிச்சம். அதனால் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் டி65 என்ற பகல் வெளிச்சம், டிஎல்84 இரண்டிலும் ஷேட் ஒத்துப்போக வேண்டும். லேப் டிப் என்கிற சாயச் சாம்பிள் அப்ரூவல் ஆகி, மொத்தத் துணிக்கும் சாயம் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாயப்பட்டறை மாஸ்டரிடமிருந்து போன். "ஏனுங்க அம்மிணி, நாலாவது லாட் பகல் வெளிச்சத்துல சரியா நிக்குதுங்க, அந்தக் கடை வெளிச்சத்துல கொஞ்சம் செவப்படிக்குது. காலையில வந்து ஒருக்கா பாத்துட்டுப் போயிருங்க" என்றார். காலையில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். துணி இன்னும் காம்பாக்டிங் என்ற கடைசி ஃபினிஷிங்குக்குப் போகவில்லை. டாப்பிங் போட்டு, அதாவது மேலே கொஞ்சம் சாயம் சேர்த்து, ஷேட்டைச் சரிசெய்துவிட்டார்கள். அதே துணி கட்டிங் டேபிளுக்குப் போயிருந்தால் உடையின் உடம்பு ஒரு லாட்டிலும் கை ஒரு லாட்டிலும் வந்திருக்கும். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் மொத்தச் சரக்கும் நின்றிருக்கும். தூத்துக்குடியில் கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் அனுப்ப வேண்டி வந்திருந்தால் அந்த ஆர்டரின் லாபம் முழுதும் அதிலேயே கரைந்திருக்கும்.

அந்த அண்ணன் ஏன் போன் செய்தார்? செய்யாமல் விட்டிருந்தாலும் டி65-இல் பாஸ் ஆன லாட் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவருக்கு உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. போகும்போதெல்லாம் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் இந்த முறை எந்த மண்டலத்துக்குத் தண்ணீர், தேங்காய் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு வார்த்தை பேசுவோம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் வெள்ளை ஈ வந்ததே, அது அவர் தோப்புக்கும் பரவியபோது அதைப் பற்றியே நிறையப் பேசினார். மரத்துக்கு மரம் மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டித் தொங்கவிடுவார்களாம், ஈ வந்து ஒட்டிக்கொள்ளுமாம். போட்டோவைக் காட்டி, எந்த மஞ்சளுக்கு ஈ நன்றாக வருகிறது என்று ஒரு சாயக்காரரின் கண்ணோடு அவர் விளக்கியதைக் கேட்க எனக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது. அந்தப் பேச்சில் எங்கள் ஆர்டர் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் ஒரு கஷ்டத்தைச் சொன்னால் பதறாமல், கத்தாமல் கேட்கிறவள் என்று என்னை அவர் தெரிந்துகொண்டது அங்கேதான்.

நீ எண் கேட்பாய் என்று தெரியும். அமெரிக்காவில் எம்பிஏ மாணவர்களை இமெயிலில் மட்டும் பேரம் பேச வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2002-இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் பேரத்துக்கு முன்னால் ஒருவருக்கொருவர் போன் செய்து, வியாபாரம் தவிர வேறு எதையாவது சிறிது நேரம் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். அப்படிப் பேசியவர்களுக்குள் பேரம் முறிவது குறைந்தது, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கையும் கூடியிருந்தது. இன்னொன்று, 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் எழுதிய கட்டுரை. பாஸ்டன் பக்கத்தில் வேலை மாறியவர்களை விசாரித்ததில், தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் ஏறக்குறைய 17 சதவீதம்தான். மற்றவர்கள் எல்லோரும் எப்போதாவதோ, அபூர்வமாகவோ பார்த்தவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், எட்டி இருப்பவரிடமிருந்துதான் புதுச் செய்தி வரும் என்பது அவர் சொன்ன காரணம். திருப்பூரில் இது தினமும் நடக்கிறது. எந்த நிட்டிங் யூனிட்டில் மெஷின் காலியாக இருக்கிறது, எந்தக் கட்டிங் மாஸ்டர் கம்பெனி மாறப்போகிறார் என்பதெல்லாம் பேக்கரி வாசலில் டீ குடிக்கும்போது காதில் விழுவதுதான்.

ஆனால் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அப்போது எங்கள் கம்பெனியில் சீனியராக இருந்த ஓர் அக்கா. 2011 ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பாழாகிக் கிடந்தன. விவசாயிகள் வழக்குப் போட்டதில் முழு நியாயம் இருந்தது. நாங்கள் துணியை வெளி மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கிக்கொண்டிருந்தோம். இங்கே பட்டறைக்காரர்களுக்குக் கொடுக்க வேலை எதுவும் இல்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை. அப்போதும் அந்த அக்கா ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "எப்படிங்கண்ணா இருக்கீங்க, பசங்க ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சுங்களா" என்று கேட்பார். சிலர் போனிலேயே அழுதார்கள். ஒருவர் ஊருக்குப் போய் எருமை வாங்கி விட்டிருந்தார். அது எவ்வளவு பால் கறக்கிறது என்றுகூட அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் முழுதாகச் சுத்திகரிக்கும் ஏற்பாடுகளோடு பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது, எல்லாக் கம்பெனித் துணியும் வாசலில் வரிசையில் நின்றது. எந்தத் துணி முதலில் மெஷினில் ஏறியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக அவர் போன் செய்யவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன், மாலதி. காரியம் இருக்கும் நாளில் பேசுவது போதாது. 'சாப்பிட்டீங்களா?' என்று வாட்ஸப்பில் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே 'அப்புறம் அந்த டெலிவரி…' என்று ஆரம்பித்தால், இனி உன்னிடமிருந்து 'சாப்பிட்டீங்களா' வந்தாலே அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். காரியம் இருந்தால் நேரே காரியத்தைச் சொல், அது மரியாதைதான். சும்மா விசாரிக்கிற அன்றைக்குச் சும்மா விசாரித்துவிட்டுப் போனை வை.

கேள்வி மேல் கேள்வி கேட்காமல் உன் பக்கத்து விஷயம் ஒன்றை முதலில் சொல். நீ சொன்னால்தான் அவர்களுக்கும் சொல்ல வரும். கேட்டதை ஞாபகம் வைத்துக்கொள். பெண்ணுக்குப் பரீட்சை என்றால், முடிந்த பிறகு எப்படி எழுதினாள் என்று கேள். நான் டைரியில் எழுதிவைத்துக்கொள்வேன். அக்கறை இருக்கிறவர்களுக்கும் மறக்கும் இல்லையா?

எல்லோருக்கும் ஒரே மாதிரியும் கிடையாது. இங்கிலாந்து பையரோடு வீடியோ காலில் மழையும் குளிரும் பேசாமல் வேலை தொடங்காது. ஜெர்மனியிலிருந்து பேசுபவர் முதல் நிமிஷத்திலேயே துணி எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்பார். அவரிடம் கதை பேசினால் அவர் நேரத்தை வீணாக்குகிறோம் என்று அர்த்தம். எங்கள் தையல் லைனில் ஒடிசாப் பெண்கள் நிறையப் பேர். ஜூன் நடுவில் அவர்களுக்கு ரஜோ பண்டிகை. ஊஞ்சல் கட்டி ஆடுவார்களாம், அரிசி, உளுந்து, தேங்காய், வெல்லம் சேர்த்துத் தணலில் சுட்ட பிட்டா செய்வார்களாம். செக்கிங் டேபிள் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சமயத்தில் ஏன் ஆட்கள் குறைகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. பீகார்ப் பையன்கள் தீபாவளிக்குப் போனால் அடுத்து ஆறாம் நாள் சட் பூஜையும் முடித்துவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள். இப்போது ஷிப்மென்ட் தேதியை இதையெல்லாம் பார்த்துத்தான் போடுகிறோம்.

கேட்கக் கூடாததும் உண்டு. 'எந்த ஊரு?' என்பது நல்ல கேள்விதான். ஆனால் அது எந்தத் தெரு, குலதெய்வம் எது, என்ன கூட்டம் என்று இறங்கினால் அங்கே விசாரிக்கப்படுவது சாதி. யார் ஆரம்பித்தாலும் நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை, எழுந்து மெஷின் பக்கம் போய்விடுவேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை, குழந்தை ஏன் இல்லை, சம்பளம் எவ்வளவு என்பதும் வேண்டாம். ஒரு பட்டறையில் கேட்ட கதையை இன்னொரு பட்டறைக்குக் கொண்டுபோகவே கூடாது. கொண்டுபோனால், இவள் நம் கதையையும் அடுத்த இடத்தில் சொல்வாள் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பெண் என்பதால் நீ கேட்காமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன். சிரித்துப் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அதற்காகப் பேசாமல் இருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அப்படி இருந்தால் செய்திகள் எல்லாம் ஆண்களுக்குள்ளேயே சுற்றும். நாம் எப்போதும் கடைசியில்தான் கேள்விப்படுவோம். நான் கேபினுக்குள் உட்கார்ந்து பேசுவதைவிட மெஷின் ஓடுகிற இடத்தில், நாலு பேர் நடுவில் நின்று பேசுவேன். ராத்திரி போன் என்றால் வேலை மட்டும்தான். முடிந்தால் அவர்கள் வீட்டுப் பெண்களையும் அறிமுகம் செய்துகொள்வேன். அந்த மாஸ்டர் அண்ணனின் மனைவியும் நானும் இப்போது தனியாகவே பேசிக்கொள்கிறோம். எல்லை தாண்டுகிறவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, அடுத்த முறை ஆபீஸ் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவேன். அதில் தயக்கமே வேண்டாம்.

அந்தத் திருமுடிவாக்கத்துக்காரர் எப்போது போனாலும் தன் பழைய லேத் மெஷினைப் பற்றியே பேசுகிறார் என்று எழுதியிருந்தாய். அடுத்த முறை உட்கார்ந்து அதை முழுதாகக் கேள். எங்கே வாங்கினார், யார் ஓட்டினார்கள் என்று கேள். அவர் சொன்னதை எனக்கும் எழுது. நான் அடுத்த மாதம் பையிங் ஆபீஸ் மீட்டிங்குக்காகச் சென்னை வருகிறேன். வெள்ளி ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுவேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்து ஞாயிறு சாயங்காலம் வரை இருப்பதாகத் திட்டம். ஊத்துக்குளி நெய் கொண்டு வருகிறேன், வேறு ஏதாவது வேண்டுமென்றால் முன்னாலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
சுமதி