ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வா

தம்பி,

நேற்று போனில் சிக்னல் போய்ப் போய் வந்ததில் நான் சொன்னதில் பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். ஏப்ரல் கடைசியில் ஆபீஸ் நண்பர்களோடு கொடைக்கானல் வருகிறாய், ரொம்ப சந்தோஷம், மாடி அறையை அப்பா இப்போதே ஒழிக்க ஆரம்பித்துவிட்டார். புது லென்ஸ் வாங்கியிருக்கிறாய், அதுவும் சரி, உன் காசு. ஆனால் சோலைக்கிளி என்கிற நம் மலைக் குருவியின் பாட்டை ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டால் அது தானாக வெளியே வந்து உட்காரும், பளிச்சென்று படம் எடுக்கலாம் என்று உன் நண்பர் சொன்னாராமே, அது மட்டும் நம் வீட்டிலிருந்து கிளம்புகிற கூட்டத்தில் நடக்காது. கோபத்தில் சொல்லவில்லை. ஏன் என்று சொன்னால் நீயே புரிந்துகொள்வாய்.

முதலில் நீ வருகிற மாதம். சோலைக்கிளி கூடு கட்டி முட்டையிடுவது ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, மழை பிடிப்பதற்கு முன்னாலும் பிடிக்கிற நேரத்திலும். மரப்பொந்திலோ, பாதையோரத்து மண்சரிவில் இருக்கும் குழியிலோ பாசியும் வேரும் வைத்துக் கட்டும். இரண்டே முட்டை. அது பாடுவது நமக்குக் கச்சேரி மாதிரி இருந்தாலும் அதற்கு அது வேலி. இந்த இடம் என்னுடையது, இங்கே வராதே என்று மற்ற ஆண் பறவைகளுக்குச் சொல்கிறது. நீ ஸ்பீக்கரில் அதே பாட்டைப் போட்டால் வேற்று ஆண் ஒன்று தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்றுதான் நினைக்கும். பூச்சி பிடிப்பதை விட்டுவிட்டு ஓடிவரும், சுற்றிச் சுற்றித் தேடும், எதிரி கண்ணில் படாததால் இன்னும் பலமாகப் பாடும். அடுப்பில் பால் பொங்குகிறது, தொட்டிலில் பிள்ளை அழுகிறது, அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவன் இந்த வீடு என்னுடையது என்று கத்திக்கொண்டே நின்றால் நான் என்ன பாடுபடுவேனோ அதுதான் அதற்கும். அதுவும் இந்தக் குளிரில் ஒரு இரவைக் கழித்துவிட்டு விடியலில் வயிறு காய்ந்திருக்கிற நேரத்தில். அது எல்லைச் சண்டைக்குத் தயாராகிற அந்த நேரத்தை அண்டங்காக்கை பார்த்துக்கொண்டிருந்தால் முட்டை போச்சு.

ஒரு தடவை போட்டால் ஒன்றும் ஆகாது என்பார்கள். நீ போடுவது ஒரு தடவை, சரி. போன வருடம் கோடை விடுமுறையில் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து சோலை ஓரமாக நின்று அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டதை நான் பார்த்தேன். அவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூட்டம் அதே வளைவில் வந்து நின்றது. நல்ல படம் வந்த இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள், அந்த ஒரு ஜோடிதான் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு எங்கே போக இடம் இருக்கிறது சொல்லு?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், நீ சின்ன வயதில் கேட்டுவிட்டுத் தூங்கிப்போன விஷயம்தான். நம் பழனி மலையிலும் ஆனைமலையிலும் இருக்கும் வெண்வயிற்றுச் சோலைக்கிளி (பெயர்தான் கிளி, ஆள் சின்னக் குருவி, நீண்ட கால், சாம்பல் கலந்த நீலம், வயிறு வெள்ளை, தரையிலேயே தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும்) பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கிடையாது. அந்தப் பக்கம் நீலகிரியில் இருப்பது வேறு இனம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பதையும் தனி இனம் என்றே இப்போது சொல்கிறார்கள். சிரிப்பான் என்கிற குருவியும் அப்படித்தான், நீலகிரிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. உச்சியில் குளிரிலும் பனிமூட்டத்திலும் பழகிய பறவை கீழே இறங்கி வெயில் கொளுத்தும் சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போகாது. ஒவ்வொரு மலையும் அதற்கு ஒரு தீவு. இந்தச் சோலைக்கிளியையும் நம் பழனிச் சிரிப்பானையும் 1868, 1869 வருடங்களில் பிளான்போர்டு என்பவர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார், பழனி மலையில் பறவைகள் சேகரித்த ஃபேர்பாங்க் என்ற அமெரிக்க மிஷனரியின் பெயர்தான் சிரிப்பானுக்குப் போயிருக்கிறது. நெடுங்காலம் சோலைக்கிளியை இமயமலைப் பறவைகளின் சொந்தம் என்று வைத்திருந்தார்கள். 2017இல் வி.வி. ராபினும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் மரபணுவைப் பார்த்து, அதெல்லாம் இல்லை, இது இந்த மலைகளிலேயே தனியாக வளர்ந்த குடும்பம் என்று ஷோலிகோலா என்ற தனிப் பேரினமாக வைத்தார்கள்.

அந்தத் தீவும் சுருங்கிக்கொண்டே வருகிறது. புல்வெளியை எல்லாம் வெறும் நிலம் என்று நினைத்து சீகை மரமும் பைனும் தைலமரமும் நட்டது உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடத்தில் மரம் நடும் விழாவுக்குப் போய்வந்தவன்தானே. பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது வருடத்துக்குள் போய்விட்டது என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு சாட்டிலைட் படங்களை வைத்துச் சொல்கிறது. நீலகிரி நெட்டைக்காலி என்கிற குருவி அந்தப் புல்லில்தான் தரையிலேயே கூடு வைக்கும். அதனால் மன்னவனூர்ப் பக்கம் போனால் நல்ல ஆங்கிள் கிடைக்கிறது என்று புல்லுக்குள் இறங்கி நடக்காதீர்கள், பாதையிலேயே நில்லுங்கள். காலடியில் கூடு இருந்தால் மிதித்தபிறகுதான் தெரியும்.

சரி, ஸ்பீக்கர் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்பாய். அப்பாவும் நானும் எப்படிப் பார்க்கிறோம்? உட்கார்ந்துதான். சோலை ஓரத்தில் ஓடை குறுக்கிடும் இடமாகப் பார்த்து, வெளிச்சம் வருவதற்கு முன்பே போய், மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். முதல் கால் மணி நேரம் ஒன்றுமே நடக்காது, காடே காலியாக இருப்பது போலத் தோன்றும், உன் நண்பர்கள் போனை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக வேலைக்குத் திரும்பும். முதலில் சாம்பல் தலை ஈப்பிடிப்பான், அது யாரையும் சட்டை செய்யாது. அப்புறம் கருப்பும் ஆரஞ்சுமாக அந்தச் சின்ன ஈப்பிடிப்பான், புதருக்குக் கீழே முழங்கால் உயரத்தில். அதை மேலே தேடித்தான் பாதிப் பேர் தவறவிடுகிறார்கள். அதன் கூடும் அந்த உயரத்தில்தான், காய்ந்த இலையை உருண்டையாகச் சுருட்டி வைத்தது போல இருக்கும், குப்பை என்று நினைத்துத் தட்டிவிடுவாய். அதனால் கீழ்ப் புதரைக் கையால் விலக்கிப் பார்க்கும் பழக்கமே வேண்டாம். சோலைக்கிளி கடைசியில் வரும், அல்லது வராது. அதன் பாட்டு மட்டும் நிச்சயம் கேட்கும், மெதுவாக, நீளமாக, இருட்டு விலகுவதற்கு முன்பே.

பாட்டை முன்னாலேயே காதில் ஏற்றிக்கொண்டு வா. ஸீனோ-கான்டோ என்ற இணையதளத்தில் உலகத்துப் பறவைக் குரல் எல்லாம் இலவசமாக இருக்கிறது. சென்னையில் ரயிலில் போகும்போது இயர்போன் போட்டுக் கேள். மெர்லின் செயலி வைத்திருப்பாய், அதைக் காட்டில் கேட்க விட்டு என்ன பறவை என்று காட்டச் சொல்வதில் தப்பில்லை, ஆனால் அதிலிருக்கும் குரல் மாதிரியை அங்கே அழுத்திவிடாதே. அது தெரியாமல் அழுத்துகிற கைகளும் உண்டு.

நீ கிட்டே போய்விட்டாயா என்பதைப் பறவையே சொல்லும், கவனித்தால் போதும். இரை தேடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உன்னையே பார்க்கிறதா, அப்படியே நில். வாலை விடாமல் ஆட்டுகிறதா, கல்லோடு கல் தட்டுவது போல ஒரே ஒலியை விட்டுவிட்டுத் திரும்பச் சொல்கிறதா, பின்னால் போ. எல்லாவற்றையும் விட முக்கியமானது, அலகில் புழுவை வைத்துக்கொண்டு எங்கேயும் போகாமல் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் கூடு உன் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது, நீதான் வழியை மறைத்துக்கொண்டு நிற்கிறாய். படம் எடுக்க அதுதான் அருமையான நேரம், வாயில் புழு, பக்கவாட்டு வெளிச்சம், எல்லாம் அமையும். உன் கை பரபரக்கும் என்று தெரியும். அப்போதுதான் நகர வேண்டும். உள்ளே பசியோடு இருக்கிற குஞ்சுகள் உன் ஷட்டர் எண்ணி முடிக்கும்வரை காத்திருக்காது.

கூட்டைப் பார்த்துவிட்டால் இடத்தை யாருக்கும் சொல்லாதே, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடாதே, போனில் எடுத்த படத்தில் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டே போகும், அதை அணைத்துவிடு. படம் தெளிவாக வர இலையை ஒடித்து ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த இலைதான் காக்கையிடமிருந்து கூட்டை மறைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றும் தெரிந்துகொள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் வேட்டைக் கணக்கில்தான் வரும். துப்பாக்கி பிடித்தால்தான் வேட்டை என்று உன் நண்பர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே சுமார் 600 சதுர கிலோமீட்டர் 2013இலிருந்து சரணாலயம் வேறு. ஃபிளாஷ் அடிப்பதையும் புழு போட்டு வரவழைப்பதையும் பற்றித் தனியாக எழுதவில்லை, வேண்டாம் என்றால் வேண்டாம்.

தீனி விஷயம். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கெட் எல்லாம் காட்டோரத்தில் பிரிக்காதீர்கள். கொட்டிய இடத்துக்குக் குரங்கும் காக்கையும் வரும், வந்தது சும்மா திரும்பிப் போகாமல் பக்கத்துப் புதரில் கூடு தேடும். காலைச் சாப்பாட்டை வீட்டுக்கு வந்து சாப்பிடலாம், பணியாரம் சுட்டு வைக்கிறேன். தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பாட்டிலை இங்கே பிடித்துக்கொள்வார்கள்.

உடுப்பு என்றால் மிலிட்டரிக் கோடு போட்ட சட்டை தேவையே இல்லை, மங்கலான எந்தச் சட்டையும் போதும். பளபளக்கும் ரெயின்கோட் மட்டும் வேண்டாம். நிறத்தைவிட அதன் சரசரப்புதான் தொல்லை, நீ கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் காட்டுக்கே சேதி போகும். கம்பளி ஸ்வெட்டர் எடுத்து வா, ஏப்ரல் என்று ஏமாறாதே, விடியலில் நடுங்கும். காட்டெருமையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நீ அதைப் பார்த்தே வளர்ந்தவன், ஆனால் உன் நண்பர்களுக்குச் சொல். பனிமூட்டத்தில் பாதை வளைவில் திடீரென்று எதிரே நிற்கும். சத்தம் போடாமல் போவது பறவை விஷயத்தில் நல்லது, காட்டெருமை விஷயத்தில் நல்லதல்ல. அதனால் வளைவுக்கு வளைவு மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போங்கள், உட்கார்ந்தபிறகு வாயை மூடிக்கொண்டால் போதும்.

உன் நண்பர்களில் யாருக்காவது பொறுமை இல்லையென்றால் காட்டுக்கே கூட்டிப்போக வேண்டாம், நம் தோட்டத்திலேயே விட்டுவிடு. பழனிச் சிரிப்பான் வேலியோரத்துக்கு வந்து சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கும், ராஸ்பெர்ரிக் கொடியைக் குடைந்துகொண்டிருக்கும், அருகில் மனிதர் இருந்தால் கண்டுகொள்ளாது. பத்தடியில் நின்று பார்க்கலாம். சீகாரப் பூங்குருவி ஓடைப் பாலத்தில் விடியலில் விசில் அடிக்கும், மனிதப் பையன் யாரோ சினிமாப் பாட்டை மறந்துபோய் முனகுவது போல. இந்த மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத சிரிப்பானை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்ப்பது கேவலம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உனக்குக் காட்டுக்குள்தான் போக வேண்டும் என்றால் ஒரு காலை பாம்பார் சோலை ஓரம், ஒரு நாள் கூக்கல். பேரிஜம் ஏரிக்குப் போவதானால் வனத்துறை அனுமதி வேண்டும், ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட வண்டிகளைத்தான் விடுகிறார்கள். அங்கே வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலிலிருந்தே பார்ப்பதுதான் நல்லது, இறங்கினால்தான் காட்டுப்புறா பறந்துவிடும், வண்டிக்கு அது அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அப்புறம் 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் மலை ஏறவே இ-பாஸ் கட்டாயம். உன் நண்பரின் கார் என்றால் அவரையே இணையத்தில் பதியச் சொல். வண்டி நம்பரை எனக்கு அனுப்பு, பேரிஜத்துக்கு அப்பா போய்க் கேட்டுவிட்டு வருவார். அவர் பைனாகுலரின் ஒரு கண் மங்கலாக இருக்கிறது என்று புலம்புகிறார், அதைச் சரிசெய்யும் கடை சென்னையில் எங்கேயாவது இருந்தால் விசாரித்து வை.

அம்மா