சுவரை முதலில் பார், ஸ்பீக்கரைப் பிறகு வாங்கலாம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதமும், மேல்மாடியில் சினிமா பார்க்கக் கட்டப்போகும் அறைக்கென்று நீ கீறி அனுப்பிய படமும் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போய், அம்மாவைப் பார்த்து, அறையையும் அளந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அம்மா நல்ல சுகம். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பேப்பரை முன்பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஒன்று விடாமல் வாசிக்கிறா. காதுதான் மந்தமாகிக்கொண்டு வருகிறது. டிவியில் படம் போனால் சத்தத்தைக் கூட்டு, இன்னும் கூட்டு என்கிறா. கூட்டின பிறகும் "என்ன சொல்லுறான் அவன்?" என்று பக்கத்தில் இருக்கிறவரைத்தான் கேட்கிறா. நீ கட்டப்போகும் அறையில் அதிக நேரம் உட்காரப் போகிறவ அவதான். நான் எழுதுவதை அதை மனதில் வைத்துப் படி.

எங்கள் வீட்டுச் செய்தி, மகளுக்கு மொறட்டுவையில் பொறியியல் கிடைத்திருக்கிறது. எல்லோருக்கும் பெரிய சந்தோசம். உங்கள் ஒழுங்கையில் இன்னொரு பழைய வீட்டை இடித்துத் தொடர்மாடி எழும்புகிறது. உங்கள் மாமரம் பத்திரமாக நிற்கிறது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நீ எந்தக் கொம்பனி ஸ்பீக்கர், எத்தனை இஞ்சி வூஃபர் (தாழ்ந்த சத்தம் தரும் கூம்பு) என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். எனக்கு இதில் ஒரே பிடிவாதம்தான். காசை முன்சுவரிலும் அதில் பதிக்கும் மூன்று ஸ்பீக்கரிலும் போடு. மற்றதெல்லாம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

உன் ரொறன்ரோ வீட்டுச் சுவர், மரச்சட்டம் நிறுத்தி அதன்மேல் ஜிப்சம் போர்ட் அடித்தது. உள்ளே வெறுமை. சட்டத்தின் ஆழம் 3½ இஞ்சி, போர்ட் அரை இஞ்சி. அதனால்தான் அங்கே விற்கிற இன்-வோல் (சுவருக்குள் பதிக்கும்) ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 4 இஞ்சி ஆழத்துக்குள் அடங்கும்படி செய்யப்படுகின்றன. சட்டத்துக்குச் சட்டம் 16 இஞ்சி என்பதால் அகலமும் அதற்கேற்ற மாதிரித்தான். பொருத்துவதும் லேசு. போர்ட்டில் ஓட்டை வெட்டி ஸ்பீக்கரை உள்ளே விட்டுத் திருகாணியை முறுக்கினால், பின்னாலிருக்கும் சின்னக் காதுகள் விரிந்து போர்ட்டைக் கவ்விக்கொள்ளும். இங்கே அந்தக் காதுகள் எதைக் கவ்வும்? உங்கள் மேல்மாடி முழுக்கச் செங்கல். வெளிச்சுவர் 9 இஞ்சி, உள்சுவர்கள் 4½ இஞ்சி. 4½ இஞ்சிச் சுவரில் 4 இஞ்சி குடைந்தால் அந்தப் பக்கம் பூச்சுத்தான் மிஞ்சும். மேசன் "செய்யலாம் சேர்" என்று சொல்வார், விடாதே.

செய்ய வேண்டியது, செங்கல் சுவருக்கு முன்னால் ஒரு பொய்ச்சுவர். அறை 14 அடி நீளம், 11 அடி அகலம். பொய்ச்சுவருக்கு அரை அடி போனாலும் 13½ அடி மிஞ்சும். சட்டத்தைச் செங்கலில் முட்ட விடாமல் அரை இஞ்சி தள்ளி நிறுத்தச் சொல். அந்தப் பக்கம் அம்மாவின் படுக்கையறை. ஸ்பீக்கரின் அதிர்வு சட்டம் வழியாகச் செங்கலுக்கு ஏறினால் அவவின் கட்டில் வரை போகும். இடைவெளிக்குள் ராக்வூல் (கல்லிலிருந்து செய்யும் பஞ்சு) அடைத்து, முன்னால் 12 மில்லிமீற்றர் ஜிப்சம் போர்ட்டை இரண்டு தட்டாக அடித்தால், பின்னாலிருக்கும் பாரமான செங்கலும் சேர்ந்து சத்தத்தை நன்றாகவே தடுக்கும். இந்த விதத்தில் நம் வீடுகள் உங்கள் கனடா வீடுகளைவிட ஒரு படி மேல்.

அம்மாவின் அறைப் பக்கச் சுவர் என்று சொன்னதைக் கவனித்திருப்பாய். உன் படத்தில் திரையைக் கடல்பக்கச் சுவரில் போட்டிருக்கிறாய். அதை மாற்று. அது மேற்குச் சுவர். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் சாரல் நேராக அடிப்பது அதில்தான், பிற்பகல் வெயிலும் அதில்தான். நான் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். யன்னலுக்குக் கீழே பெயின்ற் பொருக்கு விட்டு, விரலால் தொட்டால் உப்பு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. அந்த ஈரத்தை ராக்வூல் போட்டு மூடிக் கட்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. யன்னல்கள் முதுகுப் பக்கம் வரட்டும், தடிப்பான கறுப்புத் திரைச்சீலை போட்டுக்கொள்ளலாம். சட்டத்துக்கு மரம் போடுவதானால் கறையான் மருந்து அடித்த மரம். என் விருப்பம் ஜிஐ சனல், அதாவது துத்தநாகம் பூசிய தகரச் சட்டம். ஆனால் மூட்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேஸ் (தாழ்ந்த சத்தம்) வரும்போது தகரம் கிணுகிணுக்கும். போர்ட் அடித்து முடிந்ததும் நல்ல கனத்த ஆண்குரல் ஒன்றைப் போட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார். சுவர் கையில் துடித்தால் இன்னும் குறுக்குச் சட்டம் வேண்டும். பூச்சும் பெயின்ற்றும் அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு பாடு எதற்கு, நல்ல கோபுர ஸ்பீக்கர் இரண்டை நிறுத்தினால் என்ன என்று மனுசி கேட்பதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. நிலத்தில் நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து தாழ்ந்த சத்தம் முன்னுக்கு மட்டும் வருவதில்லை, பின்னாலும் போகும். ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் நேர்ச் சத்தத்தை அடித்துப்போடும். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து அரை மீற்றர் தள்ளி நின்றால் அந்தப் பள்ளம் 170 ஹெர்ட்ஸ் அளவில் விழும். ஆண்குரலின் கனம் இருக்கும் இடம் அது. சுவரோடு சுவராகப் பதித்த ஸ்பீக்கருக்குப் பின்சுவர் என்று ஒன்று இல்லை, அந்தப் பள்ளமும் இல்லை. ஒலிப்பதிவு ஸ்டூடியோக்களில் பெரிய மொனிற்றர் ஸ்பீக்கர்களைச் சுவரில் பதிப்பதற்கும் இதுதான் காரணம். அழகுக்காகத்தான் எல்லோரும் இன்-வோல் வாங்குகிறார்கள். எனக்கு இந்தக் காரணம்தான் பெரிது.

இனி அந்த மூன்று. இடது, நடு, வலது மூன்றும் ஒரே மொடலாக, ஒரே உயரத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டும். படத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. கடைகளில் சென்டர் என்று விற்பது பெரும்பாலும் படுக்கை வசத்தில், நடுவில் ட்வீட்டர் (உயர்ந்த சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்), இருபக்கமும் வூஃபர். நேர் எதிரே இருப்பவருக்கு அது நன்றாகக் கேட்கும். பக்கத்துக் கதிரைக்குத் தள்ளி இருந்தால் இரண்டு வூஃபரின் சத்தமும் வேறுவேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று வெட்டி, குரல் மங்கும். அம்மா நடுவில் உட்காரமாட்டா என்பது உனக்குத் தெரியும், கதவுப் பக்க ஓரக் கதிரைதான் அவவுக்கு. அதனால் நூலால் நெய்த, சத்தம் ஊடுருவும் திரையை வாங்கி, நடு ஸ்பீக்கரை அதன் பின்னால் வை. கொஞ்சம் வெளிச்சம் குறையும், பரவாயில்லை. 100 இஞ்சித் திரை 7¼ அடி அகலம் வரும். இடதையும் வலதையும் 8½ அடி இடைவெளியில் வைத்தால் திரைக்கு வெளியே நிற்கும். 10 அடி தள்ளி உட்காரும்போது நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 23 பாகை. டொல்பி சொல்கிற 22 முதல் 30 பாகைக்குள் அடங்கிவிடும்.

மொடல் தெரிவு செய்யும்போது, ட்வீட்டரை நடுத்தரச் சத்தக் கூம்பின் மையத்திலேயே வைத்த வகையைக் கேட்டுப் பார். கேஈஎஃப் கொம்பனி 1988 முதல் யுனி-கியூ என்ற பெயரில் அப்படித்தான் செய்கிறது. ஓரத்தில் இருந்து கேட்டாலும் குரல் பெரிதாக மாறாது. அப்புறம் பின்பெட்டி. பின்னால் திறந்த ஸ்பீக்கர் சுவரின் உள்வெளியையே பெட்டியாகப் பாவிக்கிறது. மூன்றுக்கும் உள்வெளி வேறுவேறாக இருந்தால் மூன்றின் பேஸும் வேறுவேறு. கொம்பனியே தரும் பின்பெட்டி உள்ளதை வாங்கு, அல்லது கொம்பனி சொல்கிற கொள்ளளவில் ஒவ்வொன்றுக்கும் தனி அறையாக அடைக்கச் சொல். பெட்டியோடு வருகிறவை சில 4 இஞ்சியைத் தாண்டும், பொய்ச்சுவர் கட்ட முன்பே ஆழத்தைப் பார்.

வாட் கணக்கில் மயங்காதே. எத்தனை டெசிபெல் உணர்திறன், அதாவது அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்று பார். 3 டெசிபெல் கூடினால் பாதி வாட் போதும். 86 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாட் வேண்டிய இடத்தில் 92 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 25 வாட். கடையில் பலகை ஒன்றில் வரிசையாகப் பொருத்தி, பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவார்கள். கொஞ்சம் கூடச் சத்தம் போடுகிறதே நல்லதென்று காது ஏமாறும். ஒவ்வொன்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பேச்சுக்குரலைப் போட்டுக் கேள், ஓரமாக நின்றும் கேள்.

கடல்கரை வீடு என்பதால் இன்னொன்று. வூஃபரின் ஓரத்தில் கூம்பைத் தாங்கும் வளையம் ரப்பராக இருக்க வேண்டும், பஞ்சு வேண்டாம். அப்பாவின் பழைய ஸ்பீக்கர் பெட்டி மேல்மாடியில் இன்னும் இருக்கிறது. துணியைக் கழற்றி வளையத்தில் விரல் வைத்தேன், கறுப்புப் பிசினாக விரலோடு வந்துவிட்டது. நம் ஈரக்காற்றில் பஞ்சுக்கு அதுதான் கதி. கூம்புக்குப் பொலிபுரொப்பிலீன் நல்லது, முன்வலைக்கு அலுமினியம். இரும்பு வலை துருப்பிடிக்கும்.

பக்கச் சுவர்களில் இன்-வோல் வேண்டாம் என்பது என் எண்ணம். அவை 4½ இஞ்சி, அங்கேயும் பொய்ச்சுவர் கட்டினால் 11 அடி 10 ஆகிவிடும். உட்காரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், 110 முதல் 120 பாகையில், சின்ன ஸ்பீக்கர் இரண்டைத் தொங்கவிட்டால் போதும். சீலிங்கில் நாலு என்று எழுதியிருக்கிறாய். வயரை மட்டும் இழுத்து விடு, பிறகு பார்க்கலாம்.

பேஸுக்குத் தனி சப்-வூஃபர், சுவருக்கு வெளியே, பெட்டியாக. ரிசீவரில் (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் அதற்கு அனுப்பு. முடிந்தால் சின்னதாக இரண்டு, முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று. 13½ அடி நீளத்தில் 42 ஹெர்ட்ஸ் அளவில் அறையே முழங்கும், இரண்டு வைத்தால் அந்த முழக்கம் அடங்கும். சோபாவை அறையின் சரிநடுவிலும் போடாதே, பின்சுவரோடும் ஒட்டாதே.

கனடாவிலிருந்து எதைக் கொண்டுவரலாம் என்று கேட்டாய். ஸ்பீக்கரைத் தாராளமாகக் கொண்டு வா, அவற்றுக்குக் கரண்ட் தேவையில்லை. ரிசீவரையும் சப்-வூஃபரையும் அங்கே விற்றுவிடு. அங்கே 120 வோல்ட், இங்கே 230. ட்ரான்ஸ்போர்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் திருத்த வேண்டி வந்தால் பாகம் தேடி அலைய நேரும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது சாமான் விலையெல்லாம் தலைகீழானது உனக்கும் தெரியும். அதனால் இரண்டு பக்க விலையையும் வைத்துப் பார், சுங்கக் கட்டணத்தையும் முதலிலேயே விசாரி.

வயரை நான் இங்கே வாங்குகிறேன், 2.5 சதுர மில்லிமீற்றர். போன மாதம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் சுத்தச் செம்பு என்று ஒரு சுருளைத் தந்தார்கள். நுனி இழை ஒன்றைப் பிளேட்டால் சுரண்டினேன், செம்புநிறம் போய் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. சுவருக்குள் போகிற வயர், பிறகு மாற்ற முடியாது. வைத்துவிட்டு வந்தேன். வேறு இடத்தில் பார்த்து வைத்திருக்கிறேன், பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டுத்தான் இழுப்பிக்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது, மொடலை முடிவு செய்ததும் வெட்ட வேண்டிய ஓட்டையின் அளவு, ஆழம், பின்பெட்டியின் கொள்ளளவு மூன்றையும் எனக்கு அனுப்பு. நல்ல தச்சுப் பாஸ் ஒருவர் தெஹிவளையில் இருக்கிறார், எங்கள் வீட்டு அலுமாரி எல்லாம் அவர் வேலைதான். சித்திரை வருசத்துக்கு ஊருக்குப் போனால் மே மாதம்தான் திரும்புவார், ஆகவே மார்ச்சுக்குள் அளவுகள் என் கைக்கு வர வேண்டும். மேற்குச் சுவரின் ஈரத்துக்கு மேசனை இப்போதே கூப்பிட்டுக் காட்டட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன், உன்னைக் கேட்கச் சொன்னா. என்ன செய்ய என்று அடுத்த கடிதத்தில் எழுது.

மனுசிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் பழைய சிநேகிதன்