ஆர்டர் தாளுக்கு மாறாகச் செய்யப்பட்ட பெடல் ஸ்டீல் கிடார்: புகாரும் திருத்தக் கோரிக்கையும்

அனுப்புநர்
ஒலிப்பதிவுக் கூடப் பொறுப்பாளர்கள்,
மெம்பிஸ், டென்னசி.

பெறுநர்
உரிமையாளர்,
பெடல் ஸ்டீல் கிடார் தயாரிப்புப் பட்டறை,
நாஷ்வில், டென்னசி.

நாள்: 10.02.2025

பொருள்: தனி ஆர்டரில் செய்த 10 தந்தி ஈ9 சுருதியமைப்புப் பெடல் ஸ்டீல் கிடார் (3 பெடல், 5 முழங்கால் லிவர்) ஒப்பந்தப்படி இல்லாமை – உங்கள் செலவில் திருத்தித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கிடார் ஜனவரிக் கடைசியில் எங்கள் கைக்கு வந்தது. மேப்பிள் உடலும் லாக்கர் பூச்சும் குறை சொல்ல முடியாதவை. பிக்கப்பின் ஒலியும் நாங்கள் கேட்டபடியே இருக்கிறது. இவற்றைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை. புகார் எல்லாம் கருவியின் அடிப்பக்கத்தைப் பற்றியது: பெடலையும் முழங்கால் லிவரையும் அழுத்தும்போது தந்திகளை இழுத்தோ தளர்த்தியோ சுருதியை மாற்றும் அமைப்பு. கேட்பவர் கண்ணில் அது படாது. வாசிப்பவரின் காலும் முழங்காலும் நாள் முழுக்கப் பேசுவது அதனோடுதான்.

எங்கள் முதல் மின்னஞ்சலுக்கு, "புதுக் கிடார் படிய வேண்டும், நைலான் நட்டைத் திருப்பிச் சுருதி சேர்த்தால் சரியாகிவிடும்" என்று பதில் எழுதியிருந்தீர்கள். கீழே சொல்லியிருக்கும் குறைகளில் நைலான் நட்டால் தீரக்கூடியது ஒன்றுகூட இல்லை. இழுப்பு ராடின் முனையில் இருக்கும் அந்த நட்டு தீர்மானிப்பது பெடலை முழுக்க அழுத்தியபின் தந்தி எந்தச் சுருதியில் போய் நிற்கிறது என்பதை மட்டுமே. தந்தி எப்போது கிளம்புகிறது, எந்தப் பெடலில் எது இருக்கிறது, உடல் எவ்வளவு வளைகிறது என்பதெல்லாம் பட்டறையில் முடிவானவை.

முதலில் பெடல் வரிசை. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஆர்டர் தாளில் 'எம்மன்ஸ் வரிசை' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது பெடல்கள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. வந்திருப்பது சி, பி, ஏ என்ற டே வரிசை. அதையாவது முழுமையாகச் செய்தீர்களா என்றால் அதுவும் இல்லை. முழங்கால் லிவர்கள் எம்மன்ஸ் வரிசைக்கு உரிய இடங்களிலேயே நிற்கின்றன: 4, 8 ஆகிய ஈ தந்திகளை எஃப் ஆக உயர்த்தும் லிவர் எல்.கே.எல்-லில் (இடது முழங்காலால் இடப்பக்கம் தள்ளுவது), அவற்றை டி ஷார்ப்புக்கு இறக்கும் லிவர் எல்.கே.ஆர்-ல் (இடது முழங்காலால் வலப்பக்கம் தள்ளுவது).

இந்தக் கலப்பு ஏன் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஜி மேஜரை 3-ஆம் ஃபிரெட்டில் எதையும் அழுத்தாமல் வாசிக்கலாம். 6-ஆம் ஃபிரெட்டில் ஏ பெடலும் எஃப் லிவரும் சேர்ந்து வாசிக்கலாம். 10-ஆம் ஃபிரெட்டில் ஏ, பி இரண்டையும் அழுத்தி வாசிக்கலாம். ஈ9-ல் வாசிக்கும் எவருக்கும் பாதி வேலை இந்த மூன்று இடங்களுக்கு இடையே நகர்வதுதான். எம்மன்ஸ் வரிசையில் ஏ பெடல் இடக்கோடியில் இருப்பதால், பி-யை விட்டு ஏ-யில் மட்டும் நிற்கப் பாதம் இடப்பக்கம் சாயும். முழங்காலும் அதே பக்கம் போய் எல்.கே.எல்-லைத் தொடும். டே வரிசையில் பாதம் வலப்பக்கம் சாயும். அதனால்தான் அந்த வரிசைக்காரர்கள் எஃப் லிவரை எல்.கே.ஆர்-ல் வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அனுப்பியதில் பாதம் வலமும் முழங்கால் இடமுமாக ஒரே நேரத்தில் போக வேண்டியிருக்கிறது. மெதுவான பாட்டில் எப்படியோ சமாளிக்கலாம். வேகம் கூடியதும் பாதம் பி பெடலை உரசி 3, 6 தந்திகளைக் கிளப்பிவிடுகிறது. "சிலருக்குக் கலப்பு வரிசை பிடிக்கும்" என்ற உங்கள் பதிலை ஆர்டர் தாளுக்கு விளக்கமாக நாங்கள் ஏற்கவில்லை.

இதைத் திருத்தப் பெரிய செலவு பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதல் பெடல் சுழற்றும் குறுக்குத் தண்டான கிராஸ் ஷாஃப்ட், தந்திகளை இழுத்துத் தளர்த்தும் சேஞ்சரிலிருந்து தூரத்தில் இருப்பதால் அதன் இழுப்பு ராடுகள் நீளமானவை. அவை அங்கேயே இருக்கட்டும். இப்போது 4, 5 தந்திகளின் கோட்டில் நிற்கும் பெல் கிராங்குகளை (ஷாஃப்டில் பொருத்திய, ராடை இழுக்கும் சிறு கைகளை) 5, 10 கோட்டுக்கு நகர்த்த வேண்டும். மூன்றாம் ஷாஃப்டில் அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். பிறகு சேஞ்சரில் துளைகளைத் தேர்ந்து பெடல் ஸ்டாப்புகளை மறுபடி வைக்க வேண்டும். புதிதாக ராடு வெட்டும் வேலை இல்லை. நாங்களே செய்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அடிப்பக்க அமைப்பை வாடிக்கையாளர் மாற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று உங்கள் உத்தரவாத அட்டையே சொல்கிறது. இரண்டில் எதை நம்புவது?

அடுத்தது இதைவிடத் தொல்லை தருவது. பி பெடல் 3-ஆம் தந்தியையும் 6-ஆம் தந்தியையும் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு ஒன்றாக உயர்த்த வேண்டும். இரண்டும் ஒரு ஆக்டேவ் இடைவெளியில் இருப்பவை. பெடலை மெல்ல அழுத்தினால் 3 உடனே நகர்கிறது, 6 அசையாமல் நிற்கிறது. பெடல் பயணத்தில் முக்கால்வாசி தாண்டியபிறகே 6 கிளம்பி, கடைசிக் கட்டத்தில் அரை ஸ்வரத்தைத் தாவி முடிக்கிறது. இடைப்பட்ட நேரம் முழுக்க ஆக்டேவ் கசக்கிறது. பெடல் ஸ்டீலை வாங்குவதே அந்த இடைப்பட்ட வழுக்கலுக்காகத்தான்.

காரணம் கருவியைக் கவிழ்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லா இழுப்பு ராடுகளும் பெல் கிராங்கில் ஒரே துளையில் மாட்டப்பட்டிருக்கின்றன. சேஞ்சர் பக்கமும் எல்லாம் ஒரே வரிசைத் துளையில். ஒரே நீளமுள்ள இரண்டு பிளெயின் (மேலே கம்பி சுற்றாத) தந்திகளை ஒரே அளவு ஸ்வரம் உயர்த்தத் தேவையான இழுப்பு, அவற்றின் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 3-ஆம் தந்தி (0.011 அங்குலத் தடிமன்) 415 ஹெர்ட்ஸ், 6-ஆம் தந்தி (0.020) அதில் பாதி. ஆக 3-க்கு வேண்டிய இழுப்பில் கால் பங்குதான் 6-க்கு வேண்டும். இரண்டையும் ஒரே துளையில் மாட்டினால் 6-இன் நட்டுக்கும் சேஞ்சர் விரலுக்கும் (தந்தியைத் தாங்கி அசையும் துண்டு) இடையே தளர்ச்சி விட்டுத்தான் சுருதியைப் பிடிக்க முடியும். அந்தத் தளர்ச்சியே தாமதம். 6-இன் ராடைப் பெல் கிராங்கில் ஷாஃப்டுக்கு நெருங்கிய துளைக்கு மாற்ற வேண்டும், அல்லது சேஞ்சரில் அச்சிலிருந்து தள்ளிய துளைக்கு மாற்ற வேண்டும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். எஃப் லிவரில் 4-க்கும் 8-க்கும், ஏ பெடலில் 5-க்கும் 10-க்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். அவையும் ஒன்றாகக் கிளம்பவில்லை.

6-ஆம் தந்தியை 0.022 சுற்றுத் தந்தியாக மாற்றிப் பார்க்கச் சொன்னீர்கள். சுற்றுத் தந்திக்கு இழுப்பு கூடுதலாக வேண்டும் என்பதால் பி பெடலின் தாமதம் ஓரளவு மறையும், உண்மைதான். ஆனால் எங்கள் ஆர்டரில் ஆர்.கே.எல் (வலது முழங்காலால் இடப்பக்கம் தள்ளும் லிவர்) அதே தந்தியை ஜி ஷார்ப்பிலிருந்து எஃப் ஷார்ப் வரை ஒரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும். இப்போதுள்ள லிவர் பயணத்தில் சுற்றுத் தந்தி ஜி-யைத் தாண்டுவதே கஷ்டம். ஒரு குறையை மூட இன்னொன்றைத் திறக்கும் யோசனை இது. 0.020 பிளெயின் என்று ஆர்டர் தாளில் நாங்கள் எழுதியது யோசித்துத்தான்.

மூன்றாவது கேபினெட் டிராப். எந்தப் பெடல் ஸ்டீலிலும் பெடலை அழுத்தும்போது உடல் சிறிதளவு வளையும், தொடர்பில்லாத தந்திகளின் சுருதி கொஞ்சம் இறங்கும். அது தெரிந்ததால்தான் வரம்பை 4 சென்ட் (ஒரு சென்ட் அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) என்று ஆர்டர் தாளில் போட்டோம், நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். ஏ, பி இரண்டையும் ஸ்டாப் வரை மட்டும் அழுத்தி, 4-ஆம் தந்தியை ட்யூனரில் பார்த்தால் 11 சென்ட் இறங்குகிறது. இன்னும் அழுத்தினால் மேலும் இறங்குகிறது. அந்த நிலையில் கிடைப்பது ஏ மேஜர். அதில் ஈ பஞ்சமம். ஜி ஷார்ப் போன்ற மூன்றாம் ஸ்வரங்களைச் சம இடைவெளிச் சுருதியைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்த்தி வைப்பது ஸ்டீல்காரர்கள் வேண்டுமென்றே செய்வது. ஏறக்குறைய அதே அளவுக்குப் பஞ்சமம் தன்னிச்சையாக இறங்கினால், காதால் சரிசெய்ய எந்த இடமும் மிஞ்சுவதில்லை. பியானோவோடு ஒலிப்பதிவு செய்யவே முடியவில்லை.

படிந்த தந்திகளில் இதை அளந்தோம். சேஞ்சரை உடலோடு பிணைக்கும் ஸ்குரூக்களும் உடலின் முனைத் தகடான எண்ட்பிளேட்டின் ஸ்குரூக்களும் இறுக்கமாகவே இருக்கின்றன. ஆகவே உடலின் உள் குடைவு அளவுக்கு மீறியிருக்கலாம், அல்லது சேஞ்சர் அச்சு வளையலாம். எது என்று பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது நீங்கள். உடல்தான் காரணம் என்றால் வேறு உடல் வேண்டும். ஒட்டுவேலையை ஏற்கமாட்டோம்.

மற்றவை சிறியவை, ஆனாலும் ஒப்பந்தத்தில் உள்ளவை. ஏற்றும் பெடலையும் இறக்கும் லிவரையும் சேர்த்து அழுத்தும்போது வரும் இடைச் சுருதியைச் சரிசெய்ய, 5, 6 தந்திகளுக்கு ஸ்ப்ளிட் ஸ்குரூ கேட்டிருந்தோம். எண்ட்பிளேட்டில் அதற்கான துளையே இல்லை. ஏ பெடலையும், 5-ஆம் தந்தியை பி-யிலிருந்து அரை ஸ்வரம் இறக்கும் எல்.கே.வி-யையும் (இடது முழங்காலால் மேலே தூக்கும் லிவர்) சேர்த்து அழுத்தினால் சுத்தமான சி கிடைக்க வேண்டும். கிடைப்பது சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே ஏதோ ஒன்று. கால்களை ஒன்றரை அங்குலம் உயர்த்திவிட்டுப் பெடல் ராடுகளைப் பழைய நீளத்திலேயே விட்டிருக்கிறீர்கள். பெடல்கள் அண்ணாந்து நிற்கின்றன. சி பெடலை அழுத்தும்போது 4-ஆம் தந்தியின் இறக்கு விரல் எண்ட்பிளேட்டை விட்டு நகர்கிறது. ரிட்டர்ன் ஸ்பிரிங் பலவீனம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் ரோலர் நட்டில் 5, 6-க்கான ரோலர்கள் இடம் மாறியிருக்கின்றன. தந்திகள்மேல் நகர்த்தும் உருளையான பார் மேலிருந்து தொடுவதால் தந்திகளின் மேல்மட்டம் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இப்போது முதல் ஃபிரெட்டில் பாரை வைத்தால் 5-ஆம் தந்தி அதிர்ந்து இரைகிறது. 3-ஆம் தந்தி சேஞ்சர் விரலின் உச்சியில், எப்போதும் ஒரே இடத்தில், அறுகிறது. அந்த விரலில் நகத்துக்குத் தட்டுப்படும் பிசிர் இருக்கிறது. அதை மெருகேற்றியே தீர வேண்டும்.

நாங்கள் கேட்பது இதுதான். கிடாரை உங்கள் செலவில், காப்பீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். மேலே சொன்னவற்றைத் திருத்துங்கள். திரும்ப அனுப்பும் முன் ஒரு சோதனைத் தாள் அனுப்புங்கள். அதில் ஒவ்வொரு தந்தியின் திறந்த சுருதி, ஒவ்வொரு பெடலும் லிவரும் தரும் சுருதி, ஏ-பி அழுத்தியபோது 4-இலும் 8-இலும் உள்ள இறக்கம் ஆகியவை சென்ட் கணக்கில் இருக்க வேண்டும். கருவியைக் கவிழ்த்து வைத்து, பி பெடலை மெல்ல அழுத்தும்போது 3, 6 விரல்கள் நகர்வதைக் காட்டும் காணொளியும் வேண்டும். அதைப் பார்த்துச் சரி என்று நாங்கள் எழுதிய பிறகே கிடார் கிளம்ப வேண்டும்.

டென்னசி சட்டத் தொகுப்பின் 47-2-601 பிரிவின்படி, ஒப்பந்தத்துக்குப் பொருந்தாத பொருளை வாங்குபவர் மறுக்கலாம். 47-2-508 விற்பவருக்குத் திருத்தித் தரும் வாய்ப்பை அளிக்கிறது. அந்த வாய்ப்பைத்தான் இப்போது தருகிறோம். இந்தக் கடிதத்தையே எங்கள் மறுப்பு அறிவிப்பாகக் கொள்ளவும். கிடாரைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறோம். ஒப்பந்தப்படி எங்கள் ஏற்புக்குப் பிறகு தர வேண்டிய 20 சதவீதப் பாக்கி அதுவரை எங்களிடமே இருக்கும்.

கிடாரை எடுத்துச் செல்லும் நாளை பிப்ரவரி 24-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள். ஏப்ரல் 30-க்குள் திருத்திய கருவி வந்து சேராவிட்டால் செலுத்திய 80 சதவீதத்தை முழுதாகத் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கூடப் பொறுப்பாளர்கள்

இணைப்பு: கையெழுத்திட்ட ஆர்டர் தாளின் நகல், அடிப்பக்கப் படங்கள், ட்யூனர் அளவீடுகள், உங்கள் மின்னஞ்சல் பதில்.